காலநிலை தானாவே மாறும்தானே? டோபா எரிமலையும் நம்ம பூண்டியும்

போன எபிசோடுக்கு வந்த கமெண்ட்ஸ்ல ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்தது: "காலநிலை எப்பவுமே தானா மாறிட்டுத்தானே இருந்திருக்கு? இப்ப மட்டும் ஏன் இவ்வளவு பதற்றம்?"

நியாயமான கேள்வி. முதல் பாதி உண்மைதான். மனுஷன் கை வைக்காமலே காலநிலை பலமுறை சட்டுனு மாறியிருக்கு. எப்படி மாறுச்சுன்னு பார்த்தா, ரெண்டாவது பாதிக்கும் பதில் கிடைச்சிடும்.

எரிமலை

சுமார் 74,000 வருஷத்துக்கு முன்னாடி, இந்தோனேசியாவுல, சுமத்ரா தீவுல டோபா எரிமலை வெடிச்சது. வெடிச்ச இடம் இன்னைக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர் நீளமுள்ள ஏரி. சாம்பல் வங்காள விரிகுடாவைத் தாண்டி இந்தியாவுல வந்து விழுந்தது. ஆந்திராவுல, கர்னூல் பக்கம் ஜ்வாலாபுரத்துல அந்தச் சாம்பல் அடுக்கை இப்பவும் பார்க்கலாம்.

பூமியைக் குளிர வைக்கிறதுல பெரிய பங்கு சாம்பலுக்கு இல்ல, கந்தக வாயுவுக்கு. அது மழை மேகத்துக்கும் மேல போய் நுண்ணிய துளிகளா மாறி, வெயிலைத் திருப்பி அனுப்பும். 1991-ல பிலிப்பைன்ஸ்ல பினாடுபோ வெடிச்சப்போ உலகச் சராசரி வெப்பநிலை சுமார் அரை டிகிரி குறைஞ்சது. ஆனா சில வருஷத்துல துளிகள் கீழ இறங்கிடும், சூடு திரும்பிடும்.

கடல்

அட்லாண்டிக் பெருங்கடல்ல ஒரு நீரோட்டம் வெப்பத்தை வடக்கே கொண்டு போகுது. உப்பு அதிகமான, குளிர்ந்த தண்ணி கனமாகி மூழ்கறதாலதான் அது ஓடுது. சுமார் 12,900 வருஷத்துக்கு முன்னாடி, உருகின பனியோட நன்னீர் அதுல கலந்து ஓட்டம் தளர்ந்ததுன்னு பெரும்பாலான விஞ்ஞானிகள் சொல்றாங்க. வட துருவப் பக்கம் ஆயிரம் வருஷத்துக்கு மேல கடுங்குளிர். மழை தர்ற மேகப் பட்டை தெற்கே நகர்ந்து, இந்தியாவோட பருவமழையும் பலவீனமாச்சு. எங்கேயோ உருகின பனிக்கு நம்ம மழை பதில் சொல்லுச்சு!

பூமியோட சுற்றுப்பாதை மாறறதும் ஒரு காரணம்தான். ஆனா அதுக்குப் பல்லாயிரம் வருஷம் ஆகும்.

அப்போ மக்கள் எப்படிப் பிழைச்சாங்க?

ஆவடியில இருந்து திருவள்ளூர் தாண்டிப் போனா பூண்டி. அது பக்கத்துல கொசஸ்தலை ஆற்றுப் படுகையில அத்திரம்பாக்கம். 1863-ல ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கண்டுபிடிச்ச இடம். அங்க கிடைச்ச கற்கருவிகள்ல பழசு சுமார் 15 லட்சம் வருஷத்துக்கு முந்தினதுன்னு சாந்தி பப்பு குழு 2011-ல காட்டினாங்க. நடுவுல எத்தனையோ பனியுகம் வந்து போயிருக்கு. ஜ்வாலாபுரத்துலயும் டோபா சாம்பலுக்குக் கீழயும் மேலயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கருவிகள்.

ஆக, மனுஷங்க தாங்கியிருக்காங்க. ஆனா அவங்களுக்குப் பட்டா இல்ல, இஎம்ஐ இல்ல. ஒரு ஓடை வத்தினா இன்னொரு ஓடைக்கு நடக்கலாம். அம்பத்தூர்ல லோன் போட்டு ஃப்ளாட் வாங்கினவங்க எங்க நடப்பாங்க? பூண்டி, செம்பரம்பாக்கம், புழல் ஏரிகளை நம்பித்தான் இந்த நகரமே இருக்கு. 2015-ல வெள்ளம், 2019-ல வறண்ட ஏரி. நாலே வருஷ இடைவெளியில ரெண்டையும் பார்த்தோம்.

இப்ப நடக்கறதும் இயற்கையா?

எரிமலைன்னா குளிரணும், ஆனா சூடாகுது. சுற்றுப்பாதைன்னா பல்லாயிரம் வருஷம் ஆகணும், இது 150 வருஷத்துல நடந்திருக்கு. சூரியனும் அந்த அளவுக்குப் பிரகாசமாகல. மாறினது காத்துதான்: தொழிற்புரட்சிக்கு முன்னாடி பத்து லட்சத்துல 280 பங்கா இருந்த கார்பன் டை ஆக்சைடு, இப்ப 420-ஐத் தாண்டிடுச்சு.

காலநிலை முன்னாடியும் மாறியிருக்குங்கறது ஆறுதல் தர்ற செய்தி இல்ல. சின்னதா தட்டினாலே சட்டுனு சாயக்கூடியதுன்னுதான் அது சொல்லுது. இந்தத் தடவை தட்டறது நாம.

பூண்டியில தொல்லியல் துறையோட சின்ன அருங்காட்சியகம் இருக்கு. அந்தப் பக்கம் பைக்ல போனா அந்தக் கற்கருவிகளையும் ஒரு தடவை பார்த்துட்டு வாங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.