குளிருக்குப் பதில் தாகம்

இலை இல்லாத கறுத்த கிளையில் சிவப்புப் பூக்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும் போன்சாய்ப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல பூக்குவின்ஸ். ரோஜாக் குடும்பத்து முட்புதர். தாயகம் சீனாவும் ஜப்பானும். ‘சோஜுபாய்’ என்ற குட்டை ரகத்துக்கு ஜப்பானில் தனி மவுசு.

சென்னை ஆழ்வார்பேட்டை மொட்டை மாடியில் அது வருமா? செடி பிழைத்துக் கிடக்கலாம், பூப்பது சந்தேகம்தான். மொட்டு உறக்கம் கலைய வாரக்கணக்கில் கடுங்குளிர் வேண்டும். நமக்கோ மார்கழி இரவுகூடப் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டித்தான். தொட்டியை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்று யோசிப்பவர்கள், மின் கட்டணத்தை நினைத்தாவது விட்டுவிடலாம்.

அந்த முள்ளும் பூக்குவியலும் வேண்டுமென்றால் நம் ஊருக்குக் காகிதப்பூ இருக்கிறது. 1767இல் ரியோ டி ஜெனிரோவில் பிரெஞ்சுத் தாவரவியலாளர் கொமெர்சோன் கண்ட செடி; கப்பல் தலைவர் பூகன்வில்லின் பெயர் அதற்கு வந்தது. நாம் பூ என்று நினைக்கும் வண்ணத் தாள் மூன்றும் உருமாறிய இலைகள். நிஜப்பூ உள்ளே இருக்கும் வெள்ளைக் குழல்.

குவின்ஸுக்குக் குளிர் செய்யும் வேலையை இதற்குத் தாகம் செய்கிறது. மழை ஓய்ந்த தை மாதத்தில் தண்ணீரைக் குறையுங்கள். இலை துவண்டதும் கொஞ்சம் ஊற்றி, மறுபடி காயவிட வேண்டும். சில வாரங்களில் கிளை நுனிகளில் மொட்டு தெரியும். அப்போது வழக்கம்போல் ஊற்றலாம். இரக்கப்பட்டு தினமும் ஊற்றி, யூரியாவும் போட்டால் இலைதான் கொழிக்கும். அரை நாளாவது நேர்வெயில் விழ வேண்டும். பக்கத்து அடுக்ககம் மறைக்கும் பால்கனியில் இதை வைத்துக்கொண்டு பூவுக்காகக் காத்திருப்பது வீண்.

சங்கடம் ஐப்பசியில் தொடங்கும். அடைமழையில் தட்டைத் தொட்டி ஊறினால் வேர் அழுகிவிடும். செம்மண்ணோடு பருமணலும் செங்கல் சல்லியும் தாராளமாகக் கலந்திருக்க வேண்டும். தொட்டியின் ஒரு பக்கம் செங்கல் கொடுத்துச் சாய்த்து வைத்தால் நீர் வடியும். தண்டும் மென்மரம்தான். பெரிய வெட்டுக்காயத்தில் நீர் தங்கினால் உள்ளே குடைந்து போகும். அந்தப் பொந்தைச் செதுக்கி முதிய மரத்தின் தோற்றம் கொடுப்பவர்களும் உண்டு. அளவோடு செய்தால் அழகுதான்.

தொட்டி மாற்றும்போது வேர்க்கட்டியை உதறக் கூடாது, இழைவேர்கள் பொசுக்கென்று முறியும். வடிவம் கொடுக்கக் கம்பி சுற்றுவதைக் கிளை பச்சையாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். முற்றினால் வளையாது, உடையும். பூத்து ஓய்ந்த கிளைகளை இரண்டு மூன்று கணு விட்டு நறுக்குங்கள்; அடுத்த பூ வரப்போவது அங்கே விடும் புதுத் துளிரில்.