டோல் தனி

குன்றாண்டார்கோவிலில் ஒரு தேர் நிற்கிறது. குடைவரைச் சிவன் கோயிலின் முன்மண்டபத்தையே தேராக்கி, கல் சக்கரம் வைத்து, கல் குதிரைகளைப் பூட்டியிருக்கிறார்கள். அதற்குச் சாலையும் வேண்டாம், சுங்கமும் இல்லை.

மற்ற வண்டிகளின் கதை வேறு. திருச்சிக்குப் போனால் டி.வி.எஸ். டோல்கேட் வரும். அங்கே கேட்டும் இல்லை, டோலும் இல்லை. கொள்ளிடத்துக்கு அக்கரையில் நம்பர் ஒன் டோல்கேட்டும் அப்படித்தான். மாட்டுவண்டியை மறித்துக் காசு வாங்கிய காலத்தின் மிச்சம் அந்தப் பெயர்கள். சென்னை மாகாணத்தின் உள்ளாட்சிகளுக்கு அது ஒரு வருமானம். நெல் ஏற்றிச் சந்தைக்குப் போகிறவனுக்கோ நெல் விற்குமுன்பே செலவு. 1931-ல் மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்தபின் கேட்டுகள் போயின. இழப்புக்கு வரியிலிருந்து உள்ளாட்சிகளுக்கு ஈடு கொடுத்தார்கள். முதலாம் குலோத்துங்கனுக்கோ சுங்கம் தவிர்த்த சோழன் என்று பெயர். சுங்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தவர்களுக்கு இதுவரை யாரும் பட்டம் சூட்டவில்லை.

இன்று திருச்சி–காரைக்குடி நெடுஞ்சாலையில் குன்றாண்டார்கோவில் இருக்கும் இந்த மாவட்டத்துக்குள்ளேயே லெட்சுமணப்பட்டி, லெம்பலக்குடி என இரண்டு சாவடிகள். அன்று மறித்தது விவசாயியின் வண்டியை. இன்று டிராக்டரும் பைக்கும் காசில்லாமல் போகின்றன. இது நல்ல மாற்றம்தான். ஆனால் பைக் ஓட்டுகிறவர் சும்மா போகவில்லை. பெட்ரோல் போடும்போதே லிட்டருக்கு இவ்வளவு என்று சாலைக்குக் கட்டிவிடுகிறார். கிராமச் சாலைகளுக்கும் அதில் பங்கு உண்டு. ஓடுகிறவனே கட்டட்டும் என்று ஊர்ச் சாலையிலும் கேட் போட்டால், வசூல் காவலாளி சம்பளத்துக்குக்கூடக் காணாது.

பெரிய சாலையில் அந்த நியாயத்தை நான் ஒப்புக்கொள்வேன். இடிப்பது சலுகையில்தான். 2008 விதிகளின்படி, சாவடியிலிருந்து 20 கி.மீ.க்குள் குடியிருந்து சொந்தக் கார் வைத்திருப்பவருக்கு மாத பாஸ் உண்டு. கார் இல்லாதவர் காதுகுத்துக்கு வேன் பேசுகிறார். அந்த வண்டிக்கு அந்த பாஸ் கிடையாது. மாவட்டப் பதிவென்றால் பாதிக் கட்டணம் உண்டு. அந்தக் குறைவு வாடகை பேசுகிறவரிடம் வந்து சேர்கிறதா என்று யாரும் விசாரிப்பதில்லை. டிரைவர் முதலிலேயே சொல்லிவிடுகிறார்: “டோல் தனிங்க.”

அன்று காசு கைமாறுவது கண்ணுக்குத் தெரிந்தது. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானபின் கண்ணாடியில் ஒட்டிய வில்லையைக் கருவி பார்க்கிறது, கம்பு தூக்குகிறது, டிரைவரின் போனில் ஒரு ‘டிங்’. பின்சீட்டில் பேரனை மடியில் வைத்திருக்கும் அப்பத்தா கேட்கிறார்:

“எம்புட்டுப்பா புடிச்சான்?”

டிரைவர் ஒரு கையால் போனை எடுத்து, மெசேஜைப் படித்துச் சொல்கிறார்.