பாடசாலை நடன விருந்தும் ஜோடி நிபந்தனையும்

ஐக்கிய அமெரிக்காவில் உயர்நிலைப் பாடசாலைக் கல்வியை நிறைவு செய்யும் மாணவர்கள் ஆண்டுதோறும் வசந்த காலத்தில் 'புரொம்' எனப்படும் நடன விருந்தில் ஒன்றுகூடுகின்றனர். 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்லூரிகளில் தோன்றிய இவ்வழக்கம் பின்னர் பாடசாலைகளுக்கும் பரவி, இன்று அந்நாட்டு இளைஞர் வாழ்வில் ஒரு சடங்காகவே நிலைபெற்றுள்ளது. 1975 ஆம் ஆண்டு ஜனாதிபதி ஜெரால்ட் போர்டின் புதல்வி பயின்ற பாடசாலையின் விருந்து வெள்ளை மாளிகையிலேயே நடைபெற்றது.

இவ்விருந்துக்கு வருபவர் கட்டாயமாக ஒரு ஜோடியுடன்தான் வர வேண்டுமா என்பது அங்கு நெடுநாளாக நிலவும் சர்ச்சையாகும். மாணவன் அழைப்பான், மாணவி காத்திருப்பாள் என்பதே பழைய மரபு. 1937 இல் பத்திரிகைச் சித்திரத் தொடர் ஒன்றில் வேடிக்கையாகத் தோன்றிய கற்பனையைப் பின்பற்றி, பெண்கள் ஆண்களை அழைக்கும் நடன விருந்துகளும் நடத்தப்படலாயின. ஆனால் அழைப்பவர் மாறினாரே ஒழிய ஜோடி என்ற ஏற்பாடு மாறவில்லை. இன்று பெரும்பாலான பாடசாலைகள் தனியாகவோ நண்பர் குழுவாகவோ வருவதை அனுமதிக்கின்றன. எனினும் ஜோடிக்கு ஒரு விலை, தனியாளுக்கு வேறொரு விலை என நுழைவுச்சீட்டு விற்கும் வழக்கம் முற்றாக ஒழிந்துவிடவில்லை.

ஆசன ஒழுங்கு, உணவுக் கணக்கு, கட்டுப்பாடு ஆகியவை இந்நிபந்தனைக்குக் காரணங்களாகக் கூறப்படுவதுண்டு. முதலிரண்டும் வலுவற்றவை. முன்கூட்டியே சீட்டு விற்றால் எத்தனைபேர் வருவர் என்பது தெரிந்துவிடும். உண்மையில் இந்த நிபந்தனை, ஒரு மாணவர் தமது பாடசாலை விழாவிற்குள் நுழையும் உரிமையை மற்றொருவரின் சம்மதத்தில் தங்கியிருக்கச் செய்கிறது. எவரும் அழைக்காத மாணவி நான்கு ஆண்டுகள் உடன் பயின்றவர்களிடம் விடைபெறும் இரவில் வீட்டில் இருக்க நேரிடுகிறது. அவள் செய்த குற்றம் எதுவுமில்லை.

இதன் மறுபக்கமும் கவனத்திற்குரியது. 2018 ஆம் ஆண்டு யூட்டா மாநிலத்தின் ஆரம்பப் பாடசாலை ஒன்றில், ஆறாம் வகுப்பு மாணவர்களுக்கான காதலர் தின நடனத்தின்போது, ஆடுவதற்கு அழைப்பவரை மறுக்கக்கூடாது எனப் பிள்ளைகளுக்குக் கூறப்பட்டிருந்தது. எவரும் ஒதுக்கப்படக்கூடாது என்பதே நோக்கமாம்! தாயொருவர் ஆட்சேபித்ததைத் தொடர்ந்து அந்த அறிவுறுத்தல் மாற்றப்பட்டது. ஜோடி இன்றி எவரும் இருக்கலாகாது என்று முடிவுசெய்துவிட்டால், 'விருப்பமில்லை' என்று கூறும் உரிமையை எவரேனும் ஒருவர் இழக்க வேண்டியதாகிறது.

ஜோடி யாராக இருக்கலாம் என்பதை நிர்ணயிக்கும் அதிகாரமும் இதனோடு சேர்ந்தே வருகிறது. மிசிசிப்பி மாநிலத்தின் சார்ள்ஸ்டன் நகரில் வெள்ளையின, கறுப்பின மாணவர்கள் பல தசாப்தங்களாக வெவ்வேறு விருந்துகளிலேயே கலந்துகொண்டனர். பொது விருந்துக்கான செலவை ஏற்பதாக நடிகர் மோர்கன் ஃப்ரீமன் 1997 இல் முன்வந்தபோதும் 2008 இல்தான் அது கைகூடியது. அதே மாநிலத்தின் ஃபுல்டன் நகரில் 2010 இல் மாணவியொருவர் மற்றொரு பெண்ணுடன் வர அனுமதி கோரியபோது கல்விச் சபை விருந்தையே இரத்துச் செய்தது. அவரது உரிமை மீறப்பட்டதாக சமஷ்டி நீதிமன்றம் கருதியது. இறுதியில் 35,000 டொலர் வழங்கி வழக்கு தீர்க்கப்பட்டது. அம்மாணவி தெரிவுசெய்த துணையை ஏற்காதவர்களும்கூட, ஒருவரின் பொருட்டு அனைவரது விழாவையும் நிறுத்தியதை நியாயப்படுத்துவது கடினம்.

முஸ்லிம் மாணவிகளைப் பொறுத்தவரை ஆண் துணையுடன் வர வேண்டும் என்ற விதி கதவை அடைப்பதற்கு ஒப்பாகும். மிச்சிகன் மாநிலத்தின் ஹம்ட்ராம்க் நகரில் யேமன், பங்களாதேஷ் வழிவந்த குடும்பங்கள் பல வாழ்கின்றன. அங்கு 2012 இல் மாணவிகளே முன்னின்று பெண்கள் மட்டும் பங்குபற்றும் புரொம் விருந்தொன்றை நடத்தினர். ஆண்கள் இல்லாததால் முக்காடு அணிவோர் அதனைக் களைந்து, அலங்கரித்த கூந்தலுடன் ஆடிப் பாட முடிந்தது. முஸ்லிம் அல்லாத தோழியரும் வந்திருந்தனர். இது பாராட்டத்தக்க முயற்சியே. ஆயினும் தனி விருந்து நடத்தும் வசதி எல்லா ஊர்களிலும் சிறுபான்மையினருக்கு வாய்ப்பதில்லை.

வெளியாரை அழைத்து வருவோர் அதிபரின் அனுமதியைப் பெற வேண்டும் என்பது வேறு விடயம். பாதுகாப்பின் பொருட்டு வயதெல்லை விதிப்பதும் முன்கூட்டியே பெயரைப் பதிவதும் தேவையானவை. தன் பாடசாலையின் விழாவிற்குத் தனியாக வரும் மாணவருக்கோ மாணவர் அடையாள அட்டையே போதுமானது.