காப்பும் கணக்கும் – 17: கடையும் அவரே, கழிவும் அவரே

அமெரிக்காவில் பல்லுக்குத் தனிக் காப்பீடு, கண்ணுக்குத் தனிக் காப்பீடு என்பதைப் போன வாரமே பார்த்தாயிற்று. திரும்பச் சொல்லப்போவதில்லை. கண்ணுக்காக மாதாமாதம் கட்டும் பணம் தகுமா என்று இந்த வாரம் கணக்குப் போடுவதாக வாக்கு. போடுகிறேன். அதற்கு முன் அகோர்தோ வரை ஒரு நடை போய்வந்துவிடுவோம்.

வட இத்தாலியின் மலைகளுக்கு நடுவே ஒரு சிற்றூர் அது. தொழிற்சாலை வைக்க வருவோருக்கு நிலம் இலவசம் என்றார்கள். 1961இல் அங்கே போய்ச் சேர்ந்தவர் லியோனார்தோ தெல் வெக்கியோ. மிலானில் 1935இல், தகப்பன் இறந்த பிறகு பிறந்தவர். வளர்க்க வழியில்லாமல் தாய் அவரை ஏழு வயதில் அநாதை விடுதியில் சேர்த்தார். பட்டறையில் அச்சு வெட்டப் பழகிய அந்தப் பையன் மூக்குக்கண்ணாடிக்கு உதிரி பாகம் செய்ய ஆரம்பித்த கம்பெனிதான் லக்ஸாட்டிகா.

1995இல் அவர் செய்த காரியத்தைப் படித்ததிலிருந்து பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். லென்ஸ்கிராஃப்டர்ஸ் என்று அமெரிக்கா முழுக்கக் கண்ணாடிக் கடைகள். அவற்றின் சொந்தக்காரர் யு.எஸ். ஷூ என்ற செருப்புக் கம்பெனி. தெல் வெக்கியோவுக்குக் கண் அந்தக் கடைகள் மேல்; விற்க மாட்டோம் என்று நிர்வாகம் முரண்டு பிடித்தது. அவரோ தன்னைவிடப் பெரிய அந்தக் கம்பெனியையே சுமார் 140 கோடி டாலருக்கு வளைத்துப்போட்டு, செருப்புத் தொழிலை நைன் வெஸ்டுக்குத் தள்ளிவிட்டார். பாயசம் பிடித்துப்போய்க் கல்யாண மண்டபத்தை விலை பேசியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்!

அதோடு விட்டாரா? 1999இல் ரே-பான், 64 கோடி டாலர். 2007இல் ஓக்லி. 2018இல் பிரான்சின் லென்ஸ் ராட்சதன் எஸ்ஸிலோரோடு இணைப்பு. லென்ஸ், ஃப்ரேம், கடை மூன்றும் ஒரே குடும்பத்துக்குள் வந்துவிட்டன. ஐமெட் என்ற கண் காப்பீட்டு நிறுவனமும் அதே குடும்பத்துப் பிள்ளைதான். ஃப்ரேமுக்கு விலை ஒட்டுபவரும், "உங்களுக்கு 150 டாலர் சலுகை" என்று அட்டை நீட்டுபவரும் ஒரே வீட்டு ஆட்கள். எதிர் அணியும் சும்மா இல்லை. 1955இல் கண் பரிசோதகர்கள் கூடி ஆரம்பித்த வி.எஸ்.பி. என்ற கண் காப்பீட்டு நிறுவனம், 2008இல் மார்ச்சோன் என்ற ஃப்ரேம் கம்பெனியை வாங்கிப் போட்டது.

டல்லஸில் இருக்கும் என் தங்கை மகன் கேட்டான்: "மாமா, வருஷா வருஷம் ஆபீஸ் இன்ஷூரன்ஸ் ஃபார்ம்ல அந்த விஷன் கட்டத்தை டிக் பண்றேன். பண்ணணுமா, வேண்டாமா?"

ஒரு மாதிரிக் கணக்கு. தனி ஆள், மாதம் 8 டாலர் ப்ரீமியம்; வருஷத்துக்கு 96. பரிசோதனைக்குக் கையிலிருந்து 10, கண்ணாடிக்கு 25. கடையில் பிடித்த ஃப்ரேம் 230 டாலர். 150 போக மிச்சம் 80, அதில் 20 சதவீதம் கழிவு போனால் 64. கூசாமல் இருக்க லென்ஸுக்குப் பூச்சு 60. கூட்டினால் 255. ரசீதின் அடியில் 'நீங்கள் சேமித்தது' என்று ஒரு பெரிய தொகை இருக்கும். அதைப் பார்க்கவே பார்க்காதீர்கள். அது அவர்களே ஒட்டிய விலையிலிருந்து அவர்களே கழித்தது. காப்பீடு இல்லாமல் பரிசோதனைக்கு 90 கொடுத்து, வார்பி பார்க்கரில் 95 டாலர் கண்ணாடி வாங்கினால் 185தான். 2010இல் அந்தக் கடை கிளம்பியதே இந்த விலையைச் சொல்லித்தான். லென்ஸும் அதற்குள் அடக்கம்.

பரிசோதித்த இடத்திலேயே கண்ணாடி வாங்க வேண்டிய கட்டாயம் கிடையாது. பரிசோதனை முடிந்ததும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், பவர் எழுதிய சீட்டைத் தனிக் காசு வாங்காமல் கையில் தர வேண்டும் என்று அங்கே 1978இலேயே விதி வந்துவிட்டது. தங்கை மகன் இப்போது அந்தச் சீட்டை வாட்ஸ்அப்பில் மதுரைக்கு அனுப்பி, விடுமுறைக்கு வரும்போது இரண்டு கண்ணாடியாக வாங்கிப் போகிறான்.

ப்ரீமியத்தை வேலை கொடுப்பவரே கட்டினால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் நாலு பேரும் கண்ணாடி, பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் பவர் மாறுகிறது என்றாலும் அநேகமாகக் கட்டுப்படியாகும். பவரே இல்லாதவர், மூன்று வருஷத்துக்கு ஒரு கண்ணாடி மாற்றுபவர் விட்டுவிடலாம். 'கண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?' என்ற பயத்தில் டிக் போடுபவர்கள்தான் அதிகம். கிளாக்கோமா, கண்புரை, விழித்திரை கிழிவதெல்லாம் வழக்கமான மருத்துவக் காப்பீட்டின் பாடு. இந்த 8 டாலருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தப் பயத்துக்காகக் கட்டுவது தண்டம் என்பதே என் கட்சி. முதியோருக்கான அரசின் மெடிகேர் இந்த 8 டாலர் காப்பீட்டுக்கு நேர் தலைகீழ்: கண்புரை அறுவைக்கும் அதன்பின் ஒரு ஜோடி கண்ணாடிக்கும் பணம் தரும், வழக்கமான பவர் கண்ணாடிக்குத் தராது.

கான்டாக்ட் லென்ஸ் பற்றியும் இந்த வாரமே எழுதுவதாக இருந்தது. அகோர்தோ இடத்தை விழுங்கிவிட்டது. அடுத்த வாரம் அது. கூடவே, பவர் 7.5 டயாப்டருக்குக் குறைந்தால் லேசர் சிகிச்சைக்கு நம்மூர் மருத்துவக் காப்பீடு கைவிரிக்கும் கதையும்.

(தொடரும்)