மூன்று எண்களில் ஒரு பூட்டு

மதுரையை அடுத்த திருவாதவூரில் ஒரு சிறிய பால் கூட்டுறவுச் சங்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 8 ஊழியர்கள், ஆளுக்கொரு கணிப்பொறி. எல்லாவற்றையும் கம்பியால் இணைத்து, 30 கோப்புகளை ஒரு பொதுக் கணிப்பொறியில் வைத்திருக்கிறார்கள். பால் அளவுப் பதிவேடு, தீவன இருப்பு, உறுப்பினர்களின் வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் அதில் அடக்கம்.

எந்தக் கோப்பை யார் பார்க்கலாம்? ஒவ்வொருவருக்கும் தனித்தனியே முடிவு செய்தால் 8 × 30 = 240 முடிவுகள். கொள்முதல், தீவனம், கணக்கு என 3 குழுக்கள் அமைத்தால் 3 × 30 = 90 போதும். 8 பேரைக் குழுக்களில் சேர்ப்பதையும் கூட்டினால் 98.

உண்மையான பயன் இதைவிடப் பெரிது. கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் தீவனப் பிரிவுக்கு மாறுகிறார். தனித்தனி உரிமை என்றால் 30 கோப்புகளையும் தேடித் திருத்த வேண்டும். ஒன்றை மறந்தாலும் ஊராரின் வங்கி விவரம் அவர் கண்ணில் படும். குழு முறையில் அவர் பெயரை ஒரு குழுவிலிருந்து எடுத்து மற்றொன்றில் சேர்த்தால் வேலை முடிந்தது.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் 1969-இல் தொடங்கிய யூனிக்ஸ் முறையில் இதற்கு அழகான கணக்கு உண்டு. படிக்க 4, எழுத 2, இயக்க 1. இவற்றை எப்படிக் கூட்டினாலும் ஒரு விடை ஒரே வகையில்தான் கிடைக்கும். 6 என்றால் 4 + 2, படிக்கலாம், எழுதலாம். கோப்பின் உரிமையாளர், கோப்புக்குரிய குழு, மற்றவர்கள் என்ற வரிசையில் மூன்று எண்கள். வங்கி விவரக் கோப்புக்கு 640 என்று இட்டால் கணக்கர் திருத்தலாம். கணக்குக் குழு படிக்க மட்டும் செய்யலாம். மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. இன்றைய லினக்ஸிலும் இதே முறைதான்.

பொறுப்பை ஆளிடம் அல்லாமல் குழுவிடம் வைப்பது நமக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியம், தோட்ட வாரியம் பற்றிக் கூறுகின்றன. குடவோலையால் ஆண்டுதோறும் ஆட்கள் மாறினர், வாரியம் நிலைத்தது. கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடமில்லை.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி: சம்பளம் கணக்கிடும் நிரலுக்கு 750 என்று இட்டிருக்கிறார்கள். யார் யார் என்னென்ன செய்யலாம்? தாளில் எழுதிப் பாருங்கள்.