இழுவை குறைந்தால் முதலில் சைலன்சரைப் பாருங்கள்

'வண்டி இழுக்க மாட்டேங்குது' என்று பட்டறைக்கு வரும் டூ-ஸ்ட்ரோக் பைக்குக்குப் பெரும்பாலும் கிடைக்கும் தீர்ப்பு ஒன்றுதான்: போர் தேய்ந்துவிட்டது, சிலிண்டரைக் கடைய வேண்டும். இதை எடுத்த எடுப்பில் ஏற்கக் கூடாது என்பதே என் கட்சி. காரைக்கால் தெருக்களில் இன்றும் ஆசையோடு வைத்து ஓட்டப்படும் யமஹா ஆர்எக்ஸ் 100, 1985 முதல் 1996 வரைதான் தயாரானது. அதன் சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீட்டர். ஓவர்சைஸ் பிஸ்டன் கால் கால் மில்லிமீட்டராகக் கூடி, வழக்கமாக ஒரு மில்லிமீட்டரோடு நின்றுவிடும். நான்கு முறை கடைந்தால் தீர்ந்தது. அதற்குப் பிறகு ஸ்லீவ்தான். தேவையில்லாமல் ஒரு முறை கடைவது, திரும்பக் கிடைக்காத ஒன்றைச் செலவழிப்பது.

டூ-ஸ்ட்ரோக்கில் சிலிண்டரின் துளைகளைப் பிஸ்டனே திறந்து மூடுகிறது. ஆர்எக்ஸ் 100 தன் 11 குதிரைத்திறனைத் தரும் 7500 சுற்றில், நொடிக்கு 125 முறை பழைய புகை வெளியேறிப் புதுக் கலவை நிரம்ப வேண்டும். அந்த அவசரத்தில் புதுக் கலவையிலும் கொஞ்சம் புகையோடு நழுவும். சைலன்சருக்குள்ளிருந்து திரும்பி வரும் அழுத்த அலைதான் அதை உள்ளே தள்ளிவிடுகிறது. கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் 1950களில் வால்டர் காடன் இதைக் கணக்கிட்டு வடிவமைத்தார். 1961இல் அங்கிருந்து தப்பிய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னரோடு அந்த நுட்பம் சுசுகிக்குப் போனது. மறு ஆண்டே அவர் சுசுகிக்கு 50 சிசி உலகப் பட்டம் வென்றுகொடுத்தார். சைலன்சர் சத்தத்தை அடக்கும் குழாய் மட்டுமல்ல, என்ஜினின் ஓர் உறுப்பு என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

காரைக்கால் மாவட்டம் மொத்தமே சுமார் 160 சதுர கிலோமீட்டர். நிரவிக்கும் திருநள்ளாறுக்கும் போய்வரும் சிறு ஓட்டங்களில் என்ஜின் நன்றாகச் சூடேறுவதற்குள் ஊர் வந்துவிடும். டூ-டி ஆயில் அரைகுறையாக எரிந்து, எக்ஸாஸ்ட் துளையிலும் சைலன்சரின் உள்குழாயிலும் கரியாகப் படியும். 'நல்லா இருக்கட்டும்' என்று ஆயிலைக் கூட்டி ஊற்றினால் கரியும் கூடும். சமவெளி இந்தக் குறையை மறைத்தும் வைக்கும். பின்னால் ஆளும் மூட்டையுமாக அரசலாற்றுப் பாலம் ஏறும்போதுதான் தெரியும். வால்பக்கத்துச் சிறு போல்ட்டைக் கழற்றி உள்குழாயை உருவிப் பாருங்கள். துளைகள் ஈரக் கரியால் அடைத்திருந்தால் பாதி விடை கையிலேயே இருக்கிறது. அது சுத்தமாக இருந்தால் அடுத்தது காற்றுக் கசிவு. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் சுற்று இறங்காமல் இரைந்தால், பிளக் நுனியும் வெளுத்திருந்தால், கார்புரேட்டர் பேக்கிங்கையோ மேக்னட் பக்க ஆயில் சீலையோ சந்தேகிக்கலாம். கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயில் குறையும், வெண்புகை அடர்ந்து வரும். கடற்காற்றில் பூத்துப்போன எர்த் ஒயரையும் ஒரு முறை கழற்றிச் சுரண்டிவிட வேண்டும்.

'போர் போட்ட பிறகு என் வண்டி பறந்ததே' என்பார்கள். உண்மைதான். ஆனால் சிலிண்டரைக் கழற்றும்போது எக்ஸாஸ்ட் துளைக் கரியைச் சுரண்டுகிறார்கள், சைலன்சரையும் சுட்டு எடுக்கிறார்கள், பேக்கிங்குகளையும் மாற்றுகிறார்கள். எதனால் இழுவை வந்தது என்று பிறகு பிரித்துச் சொல்ல வழியில்லை. இன்னொரு சாரார் உள்குழாயையே எறிந்துவிடலாம் என்பார்கள். சத்தம் பெருகுவதால் வேகம் வந்ததுபோல் தோன்றும். நடுச் சுற்றில் இழுவை பெரும்பாலும் குறையத்தான் செய்யும், தெருவுக்கும் தொல்லை. ரிங் தேயாது என்று நான் வாதிடவில்லை. என்ஜின் சூடாக இருக்கும்போது ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து கம்ப்ரஷன் கேஜ் வைத்து உதைத்துப் பார்க்கட்டும். முள் தாழ்ந்து நின்றால், ஹெட் பேக்கிங்கிலும் கசிவு இல்லையென்றால், சிலிண்டரைக் கழற்றி அளந்து, அளவு கேட்டால் கடையலாம்.