பனிக்கடியில் கிடக்கும் நிலம்

அண்டார்டிகாவை மூடியுள்ள பனி சராசரியாக 2 கிலோமீட்டர் கனமுடையது. அதற்கடியில் மலைத்தொடர்களும் பள்ளத்தாக்குகளும் ஏரிகளும் உள்ளன என்பதும், பனி எத்திசையில் எவ்வளவு விரைவாக நகரும் என்பதைக் கண்ணுக்குத் தெரியாத அந்த அடித்தளமே பெரிதும் தீர்மானிக்கிறது என்பதும் இன்று உறுதியாக அறியப்பட்டவை. இவ்வறிவின் பெரும்பகுதி ரேடார் தந்த கொடை.

இதற்கு வழிகாட்டியது ஒரு கருவியின் பிழை எனலாம். விமானம் பறக்கும் உயரத்தை ரேடியோ அலைகளால் அளக்கும் உயரமானிகள், துருவப் பகுதிகளில் உண்மையைவிடக் கூடுதலான உயரத்தைக் காட்டின. அலைகள் பனியை ஊடுருவி அடியிலிருந்து திரும்புவதே இதற்குக் காரணம் என்பதை உணர்ந்து, அதையே அளக்கும் முறையாக்க முனைந்தவர் அமெரிக்க இராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவில் பணியாற்றிய அமோரி வெயிட். 1960களில் கேம்பிரிட்ஜில் உள்ள ஸ்காட் துருவ ஆய்வு நிறுவனத்தின் ஸ்டான் எவன்ஸ், 35 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், அதாவது வினாடிக்கு மூன்றரைக் கோடி அலைவுகளில், இயங்கும் கருவியை இதற்கெனவே உருவாக்கினார்.

கடுங்குளிரில் உறைந்த தூய பனி மின்சாரத்தைக் கடத்துவது மிகக் குறைவு என்பதால், ரேடியோ அலை அதனுள் அதிகம் வலுவிழக்காமல் மைக்ரோ வினாடிக்கு, அதாவது வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில், சுமார் 168 மீட்டர் செல்கிறது. 4 கிலோமீட்டர் கனமுள்ள பனியில் அது போய்வர ஏறத்தாழ 48 மைக்ரோ வினாடி ஆகும். இந்த நேரத்தை அளந்துவிட்டால் கனம் தெரிந்துவிடும். உருகுநீர் ஊறிய பனியாறுகளில் மட்டும் அலைகள் சிதறிவிடுவதால், அங்கே இன்னும் குறைந்த அதிர்வெண் தேவைப்படுகிறது.

1967 முதல் 1979 வரை பிரிட்டன், அமெரிக்கா, டென்மார்க் ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள் அண்டார்டிகாவின் மேல் சுமார் 4 லட்சம் கிலோமீட்டர் பறந்து, எதிரொலிகளை 35 மில்லிமீட்டர் படச்சுருளில் பதிவு செய்தனர். அந்தச் சுருளின் ஒரு துண்டைப் பார்த்தால், மேலே பனிப்பரப்பு ஒரு கோடாகவும், அதற்குக் கீழே எரிமலைச் சாம்பலும் அமிலமும் படிந்த பழைய பனிப்பொழிவுகள் பாய்மடிப்பு போன்ற மெல்லிய வரிகளாகவும், எல்லாவற்றுக்கும் கீழே அடிப்பாறை கரடுமுரடான விளிம்பாகவும் தெரியும். சில இடங்களில் அந்த விளிம்பு திடீரெனச் சமமாகிப் பளிச்சிடுகிறது. பாறையைவிட நீர் அலையை வலுவாகத் திருப்புமாதலால், அங்கே இருப்பது ஏரி. ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நீளமுள்ள வோஸ்தோக் ஏரியும் இவ்வாறு தடம் காட்டியதே. 2012இல் ரஷ்யத் துளைப்பணி சுமார் 3,769 மீட்டர் ஆழத்தில் அதன் நீரைத் தொட்டது.

கடற்பனியில் இம்முறை எளிதில் பலிப்பதில்லை. அதில் சிக்கிய உப்புநீர் அலையை விழுங்கிவிடுகிறது. ஆகவே 2010இல் ஏவப்பட்ட கிரையோசாட்-2 செயற்கைக்கோள், நீர்மட்டத்துக்கு மேல் பனி எவ்வளவு எழுந்து நிற்கிறது என்பதை அளக்க, அதிலிருந்து முழுக் கனம் கணக்கிடப்படுகிறது. மேலே படிந்திருக்கும் வெண்பனியின் எடை சரியாகத் தெரியாதபோது இக்கணக்கு தடுமாறும்.

துருவ ஆய்வில் பழைய பதிவுகளுக்கு உள்ள மதிப்பைக் குறைத்து எண்ணக் கூடாது. எதிர்காலத்தில் செயற்கைக்கோள் எவ்வளவு நுட்பமாக அளந்தாலும், 1970களின் பனியை அதனால் அளக்க முடியாது. மேற்கு அண்டார்டிகாவின் த்வைட்ஸ் பனியாறு கடல்மட்டத்துக்குக் கீழான பாறையின்மீது அமர்ந்துள்ளது. உள்நாட்டை நோக்கிச் செல்லச் செல்ல அப்பாறை மேலும் ஆழமாகிறது என்பதால், பின்வாங்கத் தொடங்கிய பனி நிலைகொள்வது கடினம். அரை நூற்றாண்டுப் பழமையான படச்சுருள்களை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினரும் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களும் கணினிப் பதிவாக்கிப் புதிய அளவீடுகளோடு ஒப்பிட்டபோது, த்வைட்ஸின் கிழக்கு மிதவைப் பனித்தட்டு 1978க்கும் 2009க்கும் இடையே 10 முதல் 33 விழுக்காடு வரை மெலிந்திருப்பது 2019இல் வெளிப்பட்டது.